விண்ணப்பச் சிற்பி

தமிழகத்தில் கைவினையையும் நுண்கலையையும் பட்டப்படிப்பாகக் கற்பிக்கும் கல்லூரிகளில், இறுதியாண்டின் பிற்பாதியில் தோன்றி, பட்டமளிப்பு விழாவுக்குப் பின்னும் நெடுங்காலம் மறையாமல் வாழும் ஒரு மனித வகையை ‘விண்ணப்பச் சிற்பி’ என்று வகைப்படுத்தலாம். கல், மரம், உலோகம், சுதை ஆகியவற்றுள் எதில் பயிற்சி பெற்றவராயினும், நல்கைக்கு, அதாவது படிப்பு முடிந்ததும் பிழைப்பைத் தேடி ஓடிவிடாமல் சிறிது காலம் கலையிலேயே ஊன்றி நிற்பதற்காக ஓர் அமைப்பு வழங்கும் உதவித்தொகைக்கு, எழுதிப்போடத் தொடங்கிய நாள் முதல் இவர் கையாளும் முதன்மையான மூலப்பொருள் பி.டி.எஃப். கோப்பாக மாறிவிடுகிறது. இவருடைய பட்டறையில் உளிச்சத்தம் குறைந்து விசைப்பலகைச் சத்தம் மிகுவதை அக்கம்பக்கத்தார் முதலில் முன்னேற்றம் என்றும், பிறகு சோம்பல் என்றும் எண்ணுவதுண்டு, இரண்டும் தவறு.

இவ்வகையினர் அடர்ந்து வாழும் இடங்களுள் முதன்மையானது மாமல்லபுரம். 1957-இல் பயிற்சி நிலையமாகத் தொடங்கி, பின்னர்க் கல்லூரியாக வளர்ந்த அரசு கட்டடக்கலை மற்றும் சிற்பக்கலைக் கல்லூரி இங்கேதான் உள்ளது; கன்னியாகுமரியில் 2000-ஆம் ஆண்டின் முதல் நாளில் திறக்கப்பட்ட 133 அடித் திருவள்ளுவர் சிலையை வடிவமைத்த கணபதி ஸ்தபதி நெடுங்காலம் வழிநடத்திய நிறுவனம் அது. 1850-இல் அலெக்சாண்டர் ஹன்டர் தொடங்கிய பள்ளியிலிருந்து வளர்ந்த சென்னை அரசு கவின் கலைக் கல்லூரியிலும், கும்பகோணத்தில் உள்ள அதன் இளைய தோழமைக் கல்லூரியிலும் கிளை இனங்கள் காணப்படுகின்றன. எனினும் மாமல்லபுரத்தவரிடம் இவ்வினத்தின் இலக்கணம் குறைவறப் பொருந்துகிறது. மரபை ஒரு நூலிழை பிசகாமல் காக்க வேண்டும் என்று நான்கு ஆண்டுகள் கற்பிக்கப்பட்டு, அது முடிந்த மறுவாரமே ‘உங்கள் படைப்பில் புதுமை என்ன?’ என்று கேட்கும் படிவத்தின் முன் உட்கார்த்தப்படுபவர் அவரே.

அவர் கற்ற மரபு எத்தகையது என்பதைச் சிறிது விளக்கினால்தான் அந்தக் கேள்வியின் குரூரம் புலப்படும். சிற்ப நூல்கள் உருவத்தின் அளவைத் தாளம் என்னும் அலகால் வகுக்கின்றன. தாளம் என்பது பொதுவாக முகத்தின் நீளம், அது 12 அங்குலமாகப் பகுக்கப்படும். இந்த அங்குலம் கடையில் வாங்கும் அளவுகோலில் இருப்பதன்று, சிலையின் உயரத்தையே பகுத்துப் பெறும் சிற்றளவு. சிவனுக்கும் திருமாலுக்கும் உத்தம தசதாளமாகிய 124 அங்குலம், தேவியர்க்கு மத்திம தசதாளமாகிய 120 அங்குலம், பிள்ளையாருக்குப் பஞ்சதாளம் என்று ஒவ்வோர் உருவத்துக்கும் வரம்பு உண்டு. மூக்கின் நீளம், உந்தியின் ஆழம், விரல்களின் இடைவெளி எதையும் செதுக்குபவர் தம் விருப்பப்படி கூட்டவோ குறைக்கவோ இயலாது. இத்தனை அளவையும் உறக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிக்கக்கூடிய மாணவர், ‘500 சொற்களுக்கு மிகாமல்’ என்ற ஒரே ஓர் அளவுக்கு முன்னால் தடுமாறி, 1,100 சொற்களில் தொடங்கி 37 சொற்களில் முடிகிறார்.

இவர் முதலில் குறிவைப்பது பெரும்பாலும் ஒன்றிய அரசின் பண்பாட்டு அமைச்சகம் இளங்கலைஞர்களுக்கு வழங்கும் உதவித்தொகையை. பதினெட்டு வயது முதல் இருபத்தைந்து வயது வரை உள்ளவர்க்கு மாதம் 5,000 ரூபாய் வீதம் இரண்டு ஆண்டுகள் தரப்படும் இத்தொகையின் கூட்டு மதிப்பு 1,20,000 ரூபாய். இதற்கு விண்ணப்பிப்பவர் ஒரு குருவிடமோ நிறுவனத்திலோ குறைந்தது ஐந்தாண்டுகள் பயின்றிருக்க வேண்டும் என்பது விதி. பட்டப்படிப்போ நான்கு ஆண்டு. எஞ்சிய ஓராண்டைத் தேடி விண்ணப்பச் சிற்பி தம் வாழ்க்கை வரலாற்றை அகழ்கிறார். சிற்பக் குடும்பத்தில் பிறந்தவராயின், நடை பழகும் வயதிலேயே தந்தையின் பட்டறையில் கல்தூசி தின்று வளர்ந்த பதினைந்து ஆண்டு அனுபவம் அவரிடம் இருக்கும், ஆனால் சான்றிதழ் இருக்காது. புதிதாக வந்தவராயின், விடுமுறையில் ஒரு ஸ்தபதிக்குத் தேநீர் வாங்கி வந்த காலம் ‘குருகுல முறையிலான தொடக்கப் பயிற்சி’ என்னும் பெயரில் பட்டியலேறும். தந்தையிடம் கற்றவர் தந்தையிடமே சான்று வாங்க நேர்கையில், ‘மேற்படி மாணவரை எனக்கு நன்கு தெரியும்’ என்று அவர் எழுதிக் கையெழுத்திடும் காட்சியை ஆவணவியல் ஆய்வாளர்கள் தவறவிடலாகாது.

அடுத்து வருவது படைப்புத் தொகுப்பு, அதாவது விண்ணப்பதாரர் செய்தவற்றின் புகைப்பட வரிசை. கருங்கல் ஒரு கன அடிக்கு ஏறத்தாழ 75 கிலோ எடை கொண்டது. அத்தகைய கல்லில் ஆறு மாதம் உழைத்துச் செய்த துவாரபாலகரைப் படிவம் சில நூறு கேபிக்குள் அடக்கச் சொல்கிறது. கல்லைக் குறைப்பதில் தேர்ந்த கைக்குக் கோப்பைக் குறைக்கத் தெரியாததால், இப்பணி கல்லூரி வாசலில் உள்ள ஜெராக்ஸ் கடை அண்ணனிடம் ஒப்படைக்கப்படுகிறது. அவர் இருபது ரூபாய் வாங்கிக்கொண்டு, துவாரபாலகரின் நான்கு கைகளும் ஒரே மேகமாகத் தெரியும் அளவுக்குச் சுருக்கித் தருவார். அதைப் பார்த்துத் திகைக்கும் மாணவரிடம், “தம்பி, அப்லோட் ஆகுதா இல்லையா, அத மட்டும் பாரு” என்னும் அழகியல் கோட்பாட்டையும் இலவசமாக வழங்குவார்.

படத்தைவிடப் பெரிய இடர் நோக்கவுரை. விண்ணப்பதாரர் எதற்காகப் படைக்கிறார், எதை நோக்கிச் செல்கிறார் என்பவற்றை அவரே எடுத்துரைக்கும் சிறு கட்டுரை அது. கருவறை மூர்த்தியில் பெயரைப் பொறிக்கக்கூடாது என்று பழக்கப்பட்டவர் அதில் ‘நான்’ என்ற சொல்லைப் பதினான்கு இடங்களில் பொறிக்க வேண்டியிருக்கிறது. ‘ஏன் நந்தி செய்தீர்கள்?’ என்ற கேள்விக்கு உண்மையான விடை ‘மூன்றாம் ஆண்டுப் பாடத்திட்டத்தில் நந்தி இருந்தது’ என்பதே. ஆனால் விண்ணப்பச் சிற்பி இதற்குள் தேறிவிட்டவர். ‘விலங்குக்கும் தெய்வீகத்துக்கும் இடைப்பட்ட காத்திருப்பை விசாரிக்கும் முயற்சி’ என்று எழுதுகிறார். எழுதியதைத் திரும்பப் படித்துவிட்டுப் பட்டறைக்குச் சென்று நந்தியை ஒருமுறை சுற்றிவந்து பார்ப்பதும் உண்டு. அது எதையும் விசாரிப்பதாகத் தெரிவதில்லை.

அண்மைக் காலத்தில் இந்த உரையை எழுதித்தரச் செயற்கை நுண்ணறிவுச் செயலிகளும் வந்துவிட்டமையால், ஒரே விடுதி அறையில் தங்கியுள்ள நால்வரின் நோக்கவுரைகளும் ‘மரபுக்கும் நவீனத்துக்கும் இடையிலான உரையாடல்’ என்றே தொடங்குகின்றன. மரவேலை, சுதை, உலோகம், மரபோவியம் என நால்வரும் நான்கு துறையினர் என்பதும், அவர்களுள் எவரும் நவீனத்தோடு இதுவரை உரையாடியதில்லை என்பதும் தேர்வுக்குழுவுக்குத் தெரிய வழியில்லை. சிலை ஒன்றுபோல் இருந்தால் மரபு என்றும், உரை ஒன்றுபோல் இருந்தால் நகல் என்றும் கொள்ளும் இரட்டை அளவுகோல் இங்கே செயற்படுவதை, எடுத்துக்காட்ட ஆளில்லாவிட்டாலும், குறித்துவைப்பது நன்று.

செலவுத் திட்டம் எழுதும்போதுதான் இவருடைய மொழிவளம் முழுமை பெறுகிறது. கல்வேலையில் மழுங்கிய உளியைக் கொல்லன் உலையில் காய்ச்சி அடித்துக் கூராக்குவது ஓயாத செலவு. படிவத்தில் அதற்குத் தலைப்பில்லாததால் அது ‘கருவிப் பராமரிப்பு’ ஆகிறது. கல்லைப் புரட்டிப்போட அழைத்துவரும் ஆட்களுக்கான பரோட்டாவும் சால்னாவும் ‘மனிதவள ஒருங்கிணைப்பு’ ஆகின்றன. வேலை தொடங்கும் முன் கல்லுக்குச் செய்யும் பூசையின் தேங்காய், பழம், கற்பூரம் ஆகியவை முதல் வரைவில் ‘பூசைச் செலவு’ என்றும், இரண்டாம் வரைவில் ‘இதர செலவு’ என்றும், பேராசிரியர் பார்த்துத் திருத்திய மூன்றாம் வரைவில் ‘சமூகப் பங்கேற்பு’ என்றும் வளர்ச்சி அடைகின்றன.

அந்தப் பேராசிரியரும் இவ்வினத்தின் சூழலியலில் இன்றியமையாத உயிரி. பரிந்துரைக் கடிதம் கேட்டு வரும் மாணவரிடம் அவர் மறுப்பதில்லை. “நீயே எழுதிட்டு வாப்பா, கையெழுத்துப் போட்டுத் தர்றேன்” என்கிறார். இதனால் தன்னைத் தானே புகழும் கலையிலும் மாணவர் பயிற்சி பெறுகிறார். கூச்சம் மிக்கவர் ‘சுமாராகச் செய்வார்’ என்று எழுதிவந்து ஆசிரியரிடம் திட்டு வாங்குவதும், கூச்சமற்றவர் ‘சோழர் காலத்துக்குப் பின் இவரே’ என்று எழுதிவந்து அதைவிடப் பெரிய திட்டு வாங்குவதும் ஆண்டுதோறும் நிகழும் பருவமாற்றங்கள்.

நேர்காணலில் மூலப் படைப்பை நேரில் காட்டும்படி கேட்கப்படுவதும் உண்டு. ஓவியர் துணியைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ரயிலேறிவிடுவார். இரண்டாம் வகுப்புத் தூங்கும் பெட்டியில் கட்டணமின்றி எடுத்துச் செல்ல அனுமதிக்கப்படும் சுமை 40 கிலோ என்பதால், கற்சிற்பி தம் ஆற்றல் முழுவதையும் அந்த எடைக்குள் வெளிப்படுத்த வேண்டும். இக்காரணத்தால் நல்கை நேர்காணல்களுக்குச் செல்லும் கற்சிற்பங்களுள் சிறிய பிள்ளையார்களே மிகுதி. பஞ்சதாளத்து உருவம் குட்டையாக இருப்பது மரபுக்கும் பொருந்தும், ரயில்வேக்கும் பொருந்தும். ‘இதில் புதுமை என்ன?’ என்று குழுவினர் கேட்கும்போது, அதை மேற்படுக்கையில் ஏற்றி இரண்டு இரவு கொண்டுவந்ததே புதுமை என்ற விடை அவர் நாவின் நுனி வரை வந்து திரும்பிவிடுகிறது.

கிடைக்காமல் போனால் இவர் சோர்ந்துவிடுவார் என்று கருதுவது இவ்வினத்தை அறியாதார் கருத்து. உலா என்னும் சிற்றிலக்கிய வகை பெண்களைப் பேதை முதல் பேரிளம்பெண் வரை வயதால் ஏழு பருவத்தினராகப் பிரித்தாற்போல, பண்பாட்டுத் திட்டங்களும் கலைஞரைப் பருவம் பிரித்து வைத்துள்ளன. இருபத்தைந்து வரை இளங்கலைஞர் உதவித்தொகை. அதன்பின் நாற்பது வரை மாதம் 10,000 ரூபாய் தரும் இளநிலை நல்கை. நாற்பதைக் கடந்தபின் 20,000 ரூபாய் தரும் முதுநிலை நல்கை. அறுபதைத் தாண்டி வறுமையும் வாய்த்துவிட்டால் மூத்த கலைஞருக்கான மாத உதவி. முதல் மூன்றிலும் தேறாதவர் நான்காவதற்குரிய தகுதியைத் தாமாகவே அடைந்துவிடுவார் என்பது இவ்வரிசையின் உள்ளமைந்த கருணை. 1966-இல் கே.சி.எஸ். பணிக்கர் தலைமையில் சோழமண்டலம் கலைஞர் கிராமத்தை உருவாக்கியவர்கள், பத்திக் துணி முதலான கைவினைப் பொருள்களைச் செய்து விற்று, அந்த வருவாயைக் கொண்டு தங்கள் ஓவியத்தையும் சிற்பத்தையும் பேணினார்கள். அன்று கலையைக் கைவினை காப்பாற்றியது. இன்று கைவினையைக் காப்பாற்றும் பொறுப்பு எழுத்துவினையிடம் வந்து சேர்ந்திருக்கிறது.

அந்த எழுத்துவினை கையில் ஒருமுறை ஏறிவிட்டால் எளிதில் இறங்குவதில்லை என்பதற்கு, நல்கை எதுவும் வராமலே தொழிலில் நிலைபெற்றுவிட்ட விண்ணப்பச் சிற்பியே சான்று. மாமல்லபுரத்துப் பட்டறைகளுக்கு வெளிநாட்டுக் கோயில்களிலிருந்தும் சிலைகள் கேட்டு ஆணை வருவது வழக்கம். கடல் கடந்த ஒரு முருகன் கோயிலின் திருப்பணிக்குழுவினர் அவரிடம் அறிய விரும்புவது சிலையின் உயரம், முடியும் நாள், முன்பணம் என்ற மூன்றை மட்டுமே. ஒரே வரியில் விடையளிக்க வேண்டிய இடத்தில், அத்தனை சுருக்கமான பதிலை எவரும் நம்பமாட்டார்கள் என்று அஞ்சி, அவர் பின்னணி, நோக்கம், செயல்முறை, எதிர்பார்க்கப்படும் சமூக விளைவு ஆகிய தலைப்புகளில் நான்கு பக்கம் எழுதி, இரண்டு பரிந்துரைக் கடிதங்களையும் இணைத்து அனுப்புகிறார். முழுவதையும் பொறுமையாகப் படித்துவிட்டுத் தொலைபேசியில் அழைக்கும் குழுத்தலைவர், “எல்லாம் நல்லா இருக்கு தம்பி, வேல் எத்தனை அடின்னு மட்டும் சொல்லு” என்று கேட்கிறார்.