கோடெக் மாமா

எங்கள் குடும்பத்தில் படம் ஒழுங்காக ஓடினால் கோடெக் மாமாவை யாரும் நினைப்பதில்லை. "மாமா, சவுண்டு வருது, படம் வரலை" என்று ஒரு போன் போட்டால் போதும், பாதிச் சாப்பாட்டில் எழுந்து ஸ்கூட்டரை உதைத்துவிடுவார்.

வந்ததும் கம்ப்யூட்டரைத் தொடமாட்டார். முதலில் விசாரணை. "சுத்தமா வரலையா, பச்சைப் பச்சையாக் கட்டம் கட்டமா வருதா? நடுவுல யாராவது கை வெச்சீங்களா?"

தம்பி ஒப்புக்கொண்டான். ஃபைல் பெயரில் எம்கேவியை அழித்துவிட்டு எம்பி4 என்று அடித்துப் பார்த்திருக்கிறான். பக்கத்து வீட்டுக்காரர் சொன்ன மாத்திரையை விழுங்கிவிட்டு வந்த நோயாளியை டாக்டர் பார்ப்பாரே, அப்படி ஒரு பார்வை பார்த்தார் மாமா. அப்புறம் அடுக்களைப் பக்கம் கை காட்டினார்.

"அந்த ஹார்லிக்ஸ் பாட்டில்ல என்னடா இருக்கு?"

"துவரம்பருப்பு மாமா."

"ஏவிஐ, எம்கேவி எல்லாம் பாட்டில். உள்ள இருக்கிற பருப்புதான் கோடெக். மேல காப்பித்தூள்னு சீட்டு ஒட்டினா பருப்பு காப்பித்தூளாயிடுமா?"

இந்த விஷயத்தை இதைவிடத் தெளிவாக எனக்கு யாரும் சொன்னதில்லை. அங்கேயே நிறுத்தியிருக்கலாம். ஒன்றுக்குள் ஒன்றாக அடங்கும் ரஷ்யப் பொம்மையின் பெயரைத்தான் 2002இல் அந்த எம்கேவிக்கு வைத்தார்கள் என்று ஆரம்பித்து, மாமா விடைபெறும்போது இரண்டாவது காப்பியும் ஆறிப்போயிருந்தது.

விண்டோஸ் எக்ஸ்பி காலம்தான் அவருக்குப் பொற்காலம். சட்டைப் பையில் மூக்குக்கண்ணாடி இருக்குமோ இருக்காதோ, கோடெக் பேக் சிடி இருக்கும். டிவ்எக்ஸ் என்ற கோடெக்கின் பெயரை இங்கிலீஷில் பின்னாலிருந்து படித்தால் எக்ஸ்விட் என்ற இன்னொரு கோடெக் என்பதை, தானே பெயர்சூட்டிய பெருமையோடு சொல்வார். எங்கள் கம்ப்யூட்டரில் ஒன்றுக்கு இரண்டு பேக் போட்டார். அவை ஒன்றையொன்று கடித்துக்கொண்டதில் கதாநாயகன் தலைகீழாக நின்று காதல் சொன்னான். "ஓடுதா இல்லையா?" என்றார் மாமா. ஓடத்தான் செய்தது.

பிறகு வந்தது விஎல்சி. பாரிஸில் 1996இல் மாணவர்கள் கல்லூரி வேலையாகத் தொடங்கியது. கோடெக்கெல்லாம் உள்ளேயே இருக்கும், எதைப் போட்டாலும் பாடும், காசும் கிடையாது. மாமா அதன் பெயரைச் சொல்லமாட்டார். "ரோட்டுல பள்ளம் தோண்டினா வைப்பானே, அந்தக் கூம்பு" என்பார். சில வருஷம் ஸ்கூட்டர் சும்மா நின்றது.

ஐபோன்தான் அவரைக் காப்பாற்றியது. 2017லிருந்து அது வீடியோவை ஹெச்ஈவிசி என்ற கோடெக்கில் பிடித்துத் தர ஆரம்பித்தது. அமெரிக்காவிலிருந்து மருமகன் அனுப்பிய பேரனின் முதல் நடையைப் பல வீட்டு விண்டோஸ் ஓட்ட மறுத்து, கோடெக்குக்குத் தனியாகக் காசு கேட்டது. "காசா?" என்று மாமா சிரித்த சிரிப்பில் பத்து வயது குறைந்தது.

ஒன்று மட்டும் கவனித்திருக்கிறேன். அவர் எந்தப் படத்தையும் பார்ப்பதில்லை. ஆரம்பத்தில் அரை நிமிஷம், நடுவில் கொஞ்சம், பிறகு ஒரே இழுப்பில் கிளைமாக்ஸ். "ஓடுது" என்று செருப்பை மாட்டிக்கொள்வார். நூறு படத்தின் முடிவு தெரியும், ஒன்றின் கதையும் தெரியாது.

போன மாதம் மாமா மகளின் கல்யாண வீடியோவைப் போட அவர் வீட்டில் எல்லோரும் கூடியிருந்தோம். அவர் சொந்தக் கம்ப்யூட்டரில் அந்தக் கூம்பைப் பார்த்தேன், கேட்கவில்லை. திரையில் மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுத்தார். அத்தை முந்தானையால் கண்ணை ஒற்றிக்கொண்டாள். மாமாவும் முன்னால் சாய்ந்து கண்ணைச் சுருக்கினார்.

"மேளம் அரை செகண்டு பிந்துது" என்று முணுமுணுத்து, வீடியோவைப் பின்னால் இழுத்து, ஜே பட்டனைப் பத்து தடவை தட்டினார். தட்டுக்கு ஐம்பது மில்லி செகண்டாம். மாப்பிள்ளை மறுபடி தாலியை எடுத்தார்.

"இப்ப பாரு," என்றார் அத்தையிடம், "கெட்டிமேளம் கரெக்டா முடிச்சு மேல விழுது."