குர்குமினுக்கு ஒரு பாராட்டுப் பத்திரம்

மஞ்சள் பெற்ற மாமணியே, குர்குமின் பெருமானே! மஞ்சள்தூளில் நூற்றுக்கு மூன்று பங்கு தேறுவதே பெரிது. இருந்தும் மருந்துக்கடை அலமாரியில் இத்தனை இடம் பிடித்திருக்கிறாயே, இந்தச் சாமர்த்தியம் யாருக்கு வரும்?

அல்சைமருக்கு நீ ஆற்றிய தொண்டைச் சுண்டெலிகளிடமிருந்துதான் தொடங்க வேண்டும். 2001இல் கலிபோர்னியாவில் மரபணு மாற்றிய சுண்டெலிகளுக்கு உன்னைத் தீனியில் கலந்து கொடுத்தார்கள். அல்சைமரில் மூளையில் படியும் அமிலாய்டு என்ற புரதம் குறைந்தது. அன்றுமுதல் எலிக்குலத்துக்கு மறதியைப் பற்றிய கவலையே இல்லை.

சோதனைக் குழாயிலோ உனக்கு நிகர் நீயே. எந்தப் புரதத்தை வைத்தாலும் ஒட்டிக்கொள்வாய். நீயே ஒளிர்ந்து கருவியை ஏமாற்றி, 'வேலை செய்கிறது' என்று எழுதவைப்பாய். 2017இல் சில வேதியியலாளர்கள் உன் ஜாதகத்தையே அலசினார்கள். மனிதர்களிடம் நடந்த சோதனைகள் 120க்கும் மேல்; ஆனால் யாருக்கு மருந்து, யாருக்குப் போலி என்பது இருதரப்புக்கும் தெரியாமல் நடத்தியவற்றில் ஒன்றில்கூட நீ வென்றதில்லை என்று எழுதிவிட்டார்கள். வயிற்றெரிச்சல் பிடித்தவர்கள்! இத்தனை முறை தோற்றும் புகழ் குறையாதவர் வேறு யார்?

உன் கூச்ச சுபாவத்தைச் சொல்லாமல் விடலாமா? 24 பேருக்கு 12 கிராம் வரை கொடுத்துப் பார்த்தார்கள். இரண்டே பேரின் ரத்தத்தில்தான் லேசாகத் தலைகாட்டினாய். அந்த 12 கிராமைச் சமையலில் பெற நானூறு கிராம் மஞ்சள்தூள் வேண்டும். மிளகின் பைப்பரினைச் சேர்த்தால் ரத்தத்தில் 2000 சதவீதம் கூடுவாய் என்று டப்பாவில் அச்சிடுகிறார்கள். பொய்யில்லை. இல்லாததற்குப் பக்கத்தில் இருப்பதை இருபது மடங்காக்குவதும் கணக்குதானே! 2012இல் வெளிவந்த ஆய்வில் அல்சைமர் நோயாளிகளுக்கு 24 வாரம் தினமும் 4 கிராம் வரை கொடுத்தும், அவர்கள் நினைவாற்றலை நீ தொந்தரவே செய்யவில்லை. என்ன பெருந்தன்மை!

மஞ்சள் சேர்த்துச் சாப்பிடும் இந்தியாவில் மறதிநோய் குறைவு என்ற புகழும் உனதே. 2023இல் வெளியான கணக்கெடுப்பின்படி, 60 வயதைத் தாண்டிய இந்தியர்களில் 7.4 சதவீதம், அதாவது சுமார் 88 லட்சம் பேர், மறதிநோயோடு வாழ்கிறார்கள். அத்தனை பேரும் சாம்பாரில் மஞ்சள் போட மறந்தவர்களாகத்தான் இருக்கவேண்டும்.

உன் முன்னால் கேலன்டமைன் எம்மாத்திரம்? அதுவும் செடி கொடுத்ததுதான். பல்கேரியாவில் மருந்தாகி, 2001இல் அமெரிக்காவில் அல்சைமருக்கு அனுமதி வாங்கியது. மூளையில் செய்தி கடத்தும் அசெட்டைல்கோலின் சிதைவதைத் தடுத்து, நினைவைக் கொஞ்ச காலம் சற்றே தாங்கிப்பிடிக்கும். குமட்டலும் வரும். 'நோயைத் தீர்க்கமாட்டேன்' என்று முன்கூட்டியே ஒப்புக்கொள்ளும் இந்த அப்பாவிக்கு யார் விழா எடுப்பார்கள்?

மூளைக்கு வழி தெரியாது என்று உன்னை யாரும் ஏசவேண்டாம். கல்லீரலுக்கு நன்றாகவே தெரிந்திருக்கிறது. மஞ்சள் மாத்திரையால் கல்லீரல் கெட்ட 10 பேரை ஓர் அமெரிக்க ஆய்வுக்குழு 2022இல் பதிவுசெய்தது. அவர்களில் ஒருவர் இறந்துபோனார்.