தும்மலுக்கு ஒரு பெட்டிசம்

என்ன மருமோன், இன்னொரு ரிஷூப் பெட்டியும் முடிஞ்சுதோ? மாமி செத்தல் மிளகாய் பொரிச்சதாலதான் தும்முறன் எண்டு பழியை அடுப்படியில போடாதை. ஓகஸ்ட் பிறந்தா மொன்றியல் முழுக்க ராக்வீட் மகரந்தம். உன்ர கராஜுக்குப் பின்னால மதாளிச்சு நிக்கிறது என்னெண்டு நினைச்சாய், மல்லித்தழையோ?

ஒவ்வாமைக்கு ஊசி போடு எண்டா, மூண்டு வருசமோ எண்டு முகத்தைச் சுழிக்கிறாய். 1911இல லண்டனில லெனார்ட் நூன் புல்லின்ர மகரந்தத்தைக் கரைச்சுச் சொட்டுச் சொட்டாய் ஏத்தத் துவங்கின வைத்தியம், ஆறுதலாத்தான் கேக்கும். நாக்குக்குக் கீழ வைக்கிற ராக்விடெக் குளிசையெண்டாலும் பருவத்துக்கு 12 கிழமை முதல் துவங்கவேணும். சித்திரையிலயே டொக்டரிட்டப் போகோணும். நீ ஆவணியில மூக்கு ஒழுகினாப் பிறகுதான் அவரை நினைக்கிறாய்.

ஆறு கிழமையில முடியிற குறுக்கு வழி வேணுமோ? அதையும் செய்து பாத்தவை, இஞ்சதான், மக்கில் பல்கலைக்கழகத்தின்ர மீக்கின்ஸ்-கிறிஸ்டி ஆய்வுகூடத்தில.

மகரந்தத்தைக் கண்டதும் உன்ர உடம்பு புழு பூந்திட்டுதெண்டு ஐஜிஇ எண்ட பிறபொருளெதிரியைத் தூக்கிக்கொண்டு நிக்குது. எந்தப் படை போறதெண்டு முதலில தீர்மானிக்கிறது பிறவியோட வந்த எதிர்ப்புசக்தி. அது எங்கட ஊர் விதானையார் மாதிரி. பெட்டிசத்தை வாசிக்கமாட்டார், ஆற்ற கையெழுத்தெண்டுதான் பாப்பார். விஞ்ஞானியள் ராக்வீட்டின்ர அம்ப் ஏ 1 புரதத்தில, பக்டீரியாவின்ர டிஎன்ஏ போலச் செய்த துண்டொண்டை ஒட்டிவிட்டினம். கள்ளக் கையெழுத்து! விதானையாரின்ர கண் மாதிரியான டிஎல்ஆர் 9 அதைக் கண்டு, "ஓ, இது கிருமி வழக்கு" எண்டு மற்றக் கந்தோருக்குத் தள்ளிவிட்டிட்டுது.

கிழமைக்கொண்டாய் ஆறு ஊசி. மாதங்கள் போக, மூக்குக்குள்ள சதை கிள்ளிப் பாத்தினம். (நீ ரத்தம் குடுக்கவே மயங்கிற ஆள்.) மகரந்தத்தைக் காட்டியும் ஒவ்வாமைப் படையான இயோசினோபில் அணுக்கள் குறைவு, கிருமி வழக்குக்குரிய இன்ரபெரோன் காமா கூட. 2004இல வெளியிட்டவை. ஆனா மூக்குக்குச் சொந்தக்காரருக்கு அந்த முதல் பருவத்தில பெரிசாச் சுகமொண்டும் தெரியேல்லை. அடுத்த வருசம்தான் கொஞ்சம் இளக்கம். 2006இல ஜோன்ஸ் ஹொப்கின்ஸில இதே ஊசியை 25 பேரை வைச்சுச் செய்து நல்ல பலனெண்டினம்.

பிறகு மருந்துக் கொம்பனி டைனவக்ஸ் பெரிய சோதனை ஒண்டு வைச்சுது. பாத்தா, சேந்த சனத்துக்கு அளந்து பாக்கிறளவு ராக்வீட் வருத்தமே இல்லை! தும்மாதவனுக்குத் தும்மல் நிண்டுதெண்டு எப்பிடிக் காட்டுறது? 2008இல மருந்தையே கைவிட்டிட்டினம்.

அந்த நேரம் உன்ர மூக்கு அவையின்ர கண்ணில படேல்லை, மருமோன்.