வேலை செய்யாத வயர்

போர் போட்டபோது தண்ணீர் வரும்வரை நான் தாராளப் பிரபு. வந்தபின் கஞ்சனாகிவிட்டேன். எர்த் பிட்டுக்கு எலெக்ட்ரீஷியன் சொன்ன தொகையைக் கேட்டு, "மோட்டாரே பூமிக்குள்ளதானே இருக்கு, தனியா எர்த்து எதுக்கு?" என்று மடக்கினேன்.

"மோட்டார் கீழ இருக்கு சார். பைப்பைத் தொடப்போறது மேல நீங்க."

வேண்டாவெறுப்பாகச் சம்மதித்தேன். குழி தோண்டி, ஜி.ஐ. பைப் இறக்கி, கரியும் உப்பும் போட்டு மூடினார். கோடையில் தண்ணீர் ஊற்றச் சொன்னார். அந்த இடம் அழகாக இல்லையென்று நான் அதன்மேல் செம்பருத்தித் தொட்டியை வைத்தேன். தொட்டிக்கு மட்டும் தவறாமல் தண்ணீர்.

பிறகு, மின்கசிவு இருந்தால் லைனைத் துண்டிக்கும் ஈ.எல்.சி.பி. அடிக்கடி விழ ஆரம்பித்தது. விழுவது அதன் கோளாறு என்று நானே தீர்ப்பு எழுதி, இன்னொரு ஆளை வைத்து மோட்டார் லைனை எம்.சி.பி.யிலிருந்து நேராக இழுத்தேன். ட்ரிப் நின்றது. வீட்டில் என் மின்னறிவுக்கு மரியாதை கூடியது.

"ஏங்க, போர் குழாயில சுர்ருங்குது" என்றாள் மனைவி. போய்த் தொட்டுப் பார்த்து, "ஒண்ணுமில்லையே" என்றேன். நான் ரப்பர் செருப்பில். அவள் ஈரத் தரையில் வெறுங்காலில். செருப்பைக் கழற்றச் சொன்னாள். கழற்றினேன். அலறிக்கொண்டு கையை உதறியதைப் பக்கத்து வீட்டுக்காரரும் பார்த்தார்.

மெயினை அணைத்துவிட்டுப் பழைய எலெக்ட்ரீஷியனையே அழைத்தேன். மெகர் வைத்து இன்சுலேஷனைப் பார்த்து மோட்டாரை மேலே ஏற்றினார். கேபிள் ஜாயிண்டில் டேப் உரிந்து தண்ணீர் புகுந்திருந்தது. எர்த் பிட்டோ காய்ந்த சட்டி. அவர் போட்ட கணக்கு எளிது: பிட்டின் ரெசிஸ்டன்ஸ் 50 ஓம் என்றால், 230 வோல்ட்டுக்கு 5 ஆம்பியர்கூடப் பூமிக்குள் போகாது. 20 ஆம்பியர் எம்.சி.பி. அதை லட்சியமே செய்யாது. பைப்பில் வோல்ட்டேஜ் அப்படியே நிற்கும். 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே ஈ.எல்.சி.பி. விழுந்துவிடும். இத்தனை நாள் அது விழுந்தது அதற்காகத்தான். ஒழுங்காக வேலை செய்ததற்கு நான் கொடுத்த பரிசு, பதவி நீக்கம்.

ஜாயிண்டைப் புதிதாகப் போட்டு, ஈ.எல்.சி.பி.யை மறுபடி லைனில் சேர்த்து, டெஸ்ட் பட்டனை அமுக்கிக் காட்டினார். அதையாவது நான் மாதாமாதம் அமுக்கலாமா என்று கேட்டேன்.

"அம்மா அமுக்கிக்குவாங்க சார். நீங்க பிட்டுக்குத் தண்ணி ஊத்துங்க, போதும்."