நாற்காலி விமானி

லூமுட் என்றால் பங்கோர்த் தீவுக்குப் படகேறும் துறை என்று சுற்றுலாப் பிரயாணிகள் நினைப்பார்கள். அரச மலேசியக் கடற்படையின் தலைமைத் தளம் என்று அரசாங்கம் நினைக்கும். கருவாடும் சிப்பி மாலையும் வாங்கத் தக்க ஊர் என்று ஈப்போவிலிருந்து விடுமுறை நாள்களில் காடி ஓட்டி வரும் குடும்பஸ்தர்கள் நினைப்பார்கள். இவற்றுள் எதுவும் பிழையில்லை என்றாலும், இவை எதிலும் அடங்காத ஒரு ஜீவன் இவ்வட்டாரத்துத் தாமான் வீடுகளிலே, இரவு பத்து மணிக்கு மேல், ஜன்னல் திரையை இழுத்துவிட்டு, காதுகளை மூடிய கருவியோடு கணினியின் முன் அமர்ந்து, சிரியா தேசத்து விமான எதிர்ப்பு ஏவுகணைகளைத் தன்னந்தனியாக அடக்கிக்கொண்டிருக்கிறது என்பதைப் பலர் அறியார். அந்த ஜீவனுக்கு நாற்காலி விமானி என்று நாமகரணம் செய்து, அதன் லக்ஷணங்களை என்னால் இயன்ற மட்டும் வர்ணிக்கலாம் என்றிருக்கிறேன்.

இவ்வகையினர் பெரும்பாலும் நாற்பதைக் கடந்தவர்கள். பாட்டனார் சித்தியவானைச் சுற்றியிருந்த ரப்பர்த் தோட்டங்களில் ஒன்றில், விடியுமுன் பெரட்டுக்கு நின்று பால்மரம் சீவியவராயிருப்பார். தகப்பனார் அதே தோட்டம் செம்பனைக் காடாக மாறியதைக் கண்டவராயிருப்பார். பேரனோ, லயங்கள் காலியான பிறகு தவணையில் ஒரு வீட்டை வாங்கிக் குடியேறி, ஏதோ ஒரு கிடங்கில் மேற்பார்வையாளராக உத்தியோகம் பார்த்துக்கொண்டிருப்பார். தொந்தி உண்டு, இரத்த அழுத்தம் உண்டு, மேலதிகாரியின் எதிரே குரலை உயர்த்திப் பேசியதாகச் சரித்திரம் இல்லை. எனக்கு இரண்டு வீடு தள்ளிக் குடியிருக்கும் ஒருவர், குலதெய்வ வழிபாட்டுக்காகச் சென்னைக்குப் போனபோதுதான் முதன்முதலாக மெய்யான விமானத்தில் ஏறினாராம். ஜன்னலோர ஆசனத்தை மனைவிக்கு மனமுவந்து விட்டுக்கொடுத்து, சக்கரங்கள் தரையை விட்டு எழும்பிய கணம் முதல் பணிப்பெண் தேநீர் கொண்டுவரும் வரை கண்ணைத் திறக்காமல் கந்தர் சஷ்டி கவசம் சொல்லிக்கொண்டிருந்தார் என்று அந்த அம்மையாரே என்னிடம் கூறினார்.

ஆயினும் இரவில் அவரைப் பார்க்க வேண்டும்! இடக்கைக்கு வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் நெம்புகோல், வலக்கைக்குப் பித்தான்கள் முளைத்த கைப்பிடி, கால்களுக்கு மிதிகட்டைகள். இவற்றையெல்லாம் வாங்கிய பணத்தில் ஓடக்கூடிய பழைய கப்சாய் மோட்டார் சைக்கிள் ஒன்றை வாங்கியிருக்கலாம் என்பது இல்லத்தரசியின் அபிப்பிராயம். தொப்பியில் செருகிய ஒரு சிறு கருவி அவருடைய தலையசைவைக் கணினிக்குத் தெரிவித்துக்கொண்டேயிருக்கும். தலையைச் சற்றே திருப்பினால் திரையிலே விமானக் கூண்டு முழுவதும் சுழன்று காட்டும். ஆகவே எதிரியைத் தேடும் சமயங்களில் அவருடைய சிரசு வலமும் இடமும் மேலும் கீழுமாக ஓயாமல் ஆடும். திரைச்சீலை சரியாக மூடாதிருந்த ஒரு மாசி மாதத்து இரவில் இக்காட்சியைக் கண்ட பக்கத்து வீட்டுப் பாட்டி, பங்கோர் பத்திரகாளியம்மன் மாசி மகத்துக்குக் காத்திராமல் இவர்மேல் இறங்கிவிட்டாள் என்று நிச்சயித்து, வேப்பிலையும் ஒரு சொம்பு மஞ்சள் நீருமாக வாசலில் வந்து நின்றுவிட்டார்.

1998இல் வெளிவந்த ஃபால்கன் 4.0 என்னும் விளையாட்டில் அக்ஷராப்பியாசம் செய்துகொண்டு, பிற்பாடு டி.சி.எஸ். வேர்ல்டு என்னும் பெருங்கடலிலே குதித்தவர் அவர். விளையாட்டு என்று எழுதிவிட்டேன். இது அவர் கண்ணில் பட்டால் என்னோடு ஒரு வாரம் பேசமாட்டார். அது போலிப் பறப்புப் பயிற்சியாம். ஹோர்னெட் விமானத்தின் எஞ்சின்களை உயிர்ப்பித்து, திசைகாட்டும் கருவிகளை நிலைப்படுத்தி, ஓடுபாதைக்குக் கொண்டுவந்து சேர்ப்பதற்கே பத்துப் பதினைந்து நிமிஷம் ஆகிவிடுகிறது. அதே குடும்பத்தைச் சேர்ந்த எட்டு விமானங்களை நம் நாட்டு விமானப்படை 1997 முதல் பட்டர்வொர்த்தில் வைத்திருக்கிறது என்பதை அவர் தம் சொந்த ஆஸ்தியைப் பற்றிப் பேசுவதுபோல் பேசுவார்.

இவ்வகை விமானிகளுக்குள்ளும் ஜாதி வித்தியாசம் உண்டு. ஆகாயத்தில் எதிரி விமானத்தைத் துரத்திச் சுட்டு வீழ்த்துபவர்களை நம்மவர் சற்றும் மதிப்பதில்லை. அது வாலிபர்களின் வேலையாம். தரையிலே மரங்களுக்கிடையில் பதுங்கி, நாம் அதைக் காணுமுன் நம்மைக் கண்டுவிடும் ராடாரையும், அதனோடு இணைந்த ஏவுகணைகளையும் எதிர்த்துப் போவதே விமானிக்கு அழகு என்பது அவருடைய சித்தாந்தம். இந்தச் சித்தாந்தத்தை அவர் உபந்நியாசம் செய்யும் ஸ்தலம் மாமாக் கடை. ரொட்டி சானாயை மேசையின் நடுவில் வைத்து, அதை ஏவுகணைத் தொகுதி என்று பாவித்து, பருப்புக் குழம்புக் கிண்ணத்தை ராடாராகவும் சீனி டப்பாவை மலையாகவும் ஸ்தாபித்து, தேக்கரண்டியால் தாழப் பறந்து வருவார். ரொட்டி ஆறிப்போவதைப் பற்றி அவருக்குக் கவலையில்லை, எனக்கு உண்டு.

“அண்ணே, அது நம்மளப் பார்க்கணும்னா கத்தணும். கத்தினா, அது எங்க இருக்குன்னு நமக்குத் தெரிஞ்சிடும் லா. அவ்வளவுதான் சூட்சுமம்.”

சூட்சுமம் அவ்வளவுதான் என்றாலும், அதைக் கண்டுபிடிக்க மனிதர்கள் உயிரைக் கொடுத்திருக்கிறார்கள். 1960 மே முதல் நாள் சோவியத் நாட்டின் மீது மிக உயரத்தில் பறந்த அமெரிக்க வேவு விமானம் ஒன்றை எஸ்-75 என்னும் ஏவுகணை வீழ்த்தியது. அதே வகை ஏவுகணை 1965 ஜூலை 24இல் வியட்நாமில் அமெரிக்கப் போர் விமானமொன்றை முதன்முதலாக விழச் செய்தபின், அந்த ராடார்களைத் தேடிச் சென்று, தம்மையே குறியாகக் காட்டி, அவை கத்தும்போது தாக்குவதற்கென்று வைல்டு வீசல் என்ற தனிப் படைப்பிரிவை அமைத்தார்கள். இரண்டு பேர் அமரும் விமானத்தின் பின்னாசனத்தில் உட்காருமாறு அழைக்கப்பட்ட அதிகாரியொருவர், வேலை இன்னதென்று கேட்டவுடன், ‘என்ன, கேலி செய்கிறீர்களா?’ என்ற பொருள்படும்படி அச்சிலேற்றத் தகாத ஒரு வாக்கியத்தை உதிர்த்தார். அதன் முதலெழுத்துகளே அப்படையின் தாரக மந்திரமாக இன்றளவும் அவர்களுடைய சின்னங்களில் விளங்குகின்றன. நம் விமானி அதைத் தம் கணினி மேசையில் ஒட்டி வைத்திருக்கிறார். பிள்ளைகள் பொருள் கேட்டால், ‘கடவுள் துணை’ என்கிறார்.

இதன்பின் தேக்கரண்டி வேகம் கொள்ளும். தாழப் பறந்தால் மலை மறைக்கும், ஆனால் பீரங்கியும் தோளில் வைத்துச் சுடும் சிறு ஏவுகணையும் காத்திருக்கும். உயரப் பறந்தால் அவை எட்டா, ஆனால் பெரிய ஏவுகணை எட்டிவிடும். ராடாரின் கத்தலைத் தொடர்ந்து செல்லும் முற்காலத்து ஷ்ரைக் என்னும் ஆயுதம், ராடாரை அணைத்துவிட்டால் வழி தெரியாமல் எங்கோ போய் விழும். பிற்காலத்து ஹார்ம், ராடாரைக் கடைசியாகக் கேட்ட இடத்தை நினைவில் வைத்துக்கொண்டு பயணத்தைத் தொடரும். நம்மை நோக்கி ஏவுகணை கிளம்பிவிட்டது தெரிந்தால் வீரம் பேசிக்கொண்டிராமல், உடனே மூக்கைக் கீழே சாய்த்துத் திரும்பி ஓட வேண்டும். அதன் எரிபொருள் சில வினாடிகளில் தீர்ந்துவிடுமாதலால், அடர்ந்த காற்றில் இழுத்தடித்து அதைக் களைப்படையச் செய்வதே உத்தமம். இவ்விடத்தில் எனக்கு ஓர் உண்மை புலப்பட்டது. மூன்று மணி நேரப் போரில் அவர் தாக்குவது ஏறக்குறைய ஒரு நிமிஷம். மற்ற நேரமெல்லாம் காத்திருக்கிறார், அல்லது ஓடிக்கொண்டிருக்கிறார். இவ்வளவு சாந்தமான சுபாவமுள்ள மனிதருக்கு இந்த வித்தை ஏன் பிடித்தது என்பதும் அப்போதே விளங்கிவிட்டது.

அவருடைய க்ஷேத்திரம் லெபனானின் பெக்கா பள்ளத்தாக்கு. 1982 ஜூன் 9ஆம் தேதி இஸ்ரேலியர்கள் ஆளில்லாச் சிறு விமானங்களை அங்கே முதலில் அனுப்பி, அவற்றைப் போர் விமானங்கள் என்று மயங்கிச் சிரியர்கள் ராடார்களை இயக்கியதும், அங்கிருந்த 19 ஏவுகணைத் தொகுதிகளில் 17ஐ ஒரே நாளில் அழித்தார்கள். பொய்த் தோற்றம் காட்டி ஏமாற்றும் கலை நம் வட்டாரத்துக்கும் புதிதன்று. 1914 செப்டம்பரில் சென்னையைச் சுட்டுவிட்டு வந்த எம்டன் கப்பல், அடுத்த மாதம் 28ஆம் தேதி விடியற்காலையில், பிரிட்டிஷ் கப்பலென்று எண்ணும்படி துணியால் நாலாவது புகைபோக்கி ஒன்றைக் கட்டிக்கொண்டு பினாங்குத் துறைமுகத்துக்குள் நுழைந்து, ஒரு ருஷ்யக் கப்பலை மூழ்கடித்தது. நம்மவர் இதைச் சொல்லும்போது, தாமும் அக்கப்பலில் ஏதோ ஒரு பதவியில் இருந்தவர்போல் மீசையைத் தடவிக்கொள்வார்.

கற்ற வித்தையைக் கணினியோடு நிறுத்திக்கொள்பவரும் அல்லர். ஆயர் தாவாரில் நடந்த ஒரு கல்யாணத்துக்கு நாங்கள் சேர்ந்து போயிருந்தோம். மண்டப வாசலில் ஒரு கோவில் பொருளாளர் கும்பாபிஷேக நன்கொடை ரசீதுப் புத்தகத்துடன் நின்றுகொண்டிருந்தார். நம்மவர் தூரத்திலேயே அதைக் கண்டு, காடியிலிருந்து இறங்காமல் சற்றுநேரம் தியானம் செய்தார். பின்பு, சரிகை வேட்டி கட்டியிருந்த மைத்துனரை, “மச்சான், நீங்க முன்னால போங்க” என்று தனியே அனுப்பி வைத்தார். எஸ்-75இன் குறிபார்க்கும் ராடார் ஒரு சமயத்தில் ஒரே இலக்கைத்தான் தொடர முடியும் என்பது சாஸ்திரம். அந்தச் சாஸ்திரப்படியே பொருளாளர் மைத்துனரின் பெயரை ரசீதில் எழுதிக்கொண்டிருக்கையில், நாதஸ்வரக் கோஷ்டியின் மறைவில், சுவரோரமாக, நம் விமானி உள்ளே நுழைந்துவிட்டார்.

ஆனால் 1999 மார்ச் 27இல் செர்பியர்கள் செய்ததை அவர் அன்று மறந்துபோனார். ராடாரின் கண்ணுக்குத் தப்பும் என்று உலகம் நம்பிய எஃப்-117 விமானத்தை, பழைய எஸ்-125 ஏவுகணையைக் கொண்டு அவர்கள் வீழ்த்திக் காட்டினார்கள். அவர்களுடைய யுக்தி மிகவும் எளியது: ராடாரைச் சில வினாடிகளுக்கு மேல் இயக்குவதில்லை, இயக்கிய இடத்தில் நிலைத்து நிற்பதுமில்லை. பொருளாளரும் புத்தகத்தை மூடிக்கொண்டு வாசலிலிருந்து மாயமாகி, பந்தியில் பாயச வாளிக்குப் பக்கத்தில் தோன்றினார். நம்மவருக்குச் சேதம் 200 வெள்ளி.

இனி அவருடைய அண்டை வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் கடற்படையில் மெய்யாகவே ராடார்த் திரையின் முன் அமர்ந்து உழைத்து ஓய்வு பெற்றவர். இப்போது வீட்டின் பின்னால் பாகற்கொடி வளர்க்கிறார். நம் விமானி தம் வெற்றிகளை அவரிடம்தான் ஆவலோடு சொல்லப் போவார். அவர் கொடிக்குக் கயிறு கட்டியபடியே கேட்டுக்கொண்டிருப்பார். உள்ளூர்க் கப்பல் தளத்தில் கட்டப்படும் புதிய போர்க் கப்பல்களின் வான் பாதுகாப்பைப் பற்றி ஒரு நாள் நம்மவர் பிரசங்கம் செய்தபோது, முதற்கப்பல் 2019இலேயே வந்திருக்க வேண்டியது என்பதை மட்டும் நினைவூட்டிவிட்டு, அவர் மறுபடி கயிற்றைக் கையில் எடுத்துக்கொண்டார். இன்னொரு நாள், சற்று நேரம் பேசாமலிருந்து, இப்படிச் சொன்னார்:

“தம்பி, நீ அடிக்கிறியே அந்த வண்டி, அதுக்குள்ள ஒருத்தன் உக்காந்திருப்பான். ராத்திரி டூட்டி. குளிருதுன்னு கம்பளி கேட்டிருப்பான். ஸ்டோர்ல இல்லைன்னு சொல்லியிருப்பானுங்க.”

நம்மவர் பதில் பேசாமல் வீடு திரும்பினார். எஃப்-117ஐ வீழ்த்திய செர்பியப் படைத்தலைவர் பின்னாளில் ரொட்டி சுடும் தொழிலில் இறங்கினார் என்பதும், வீழ்த்தப்பட்ட விமானி அவரைத் தேடிச்சென்று நண்பரானார் என்பதும் அவர் அறியாத விஷயங்கள் அல்ல. என்றாலும், மாமாக் கடையில் சொல்லும் கதையில் இப்பகுதியை அவர் ஒருபோதும் சேர்த்ததில்லை. அதன் பிறகு சில இரவுகள் சரக்கு விமானம் ஓட்டிக்கொண்டிருந்ததாகக் கேள்வி. பின்னர் மீண்டும் ஹோர்னெட்டுக்கே திரும்பினார். ஆனால் இப்போதெல்லாம் ஹார்மை மிகத் தொலைவிலிருந்தே ஏவி, அதைக் கண்டு ராடார்க்காரன் அஞ்சிக் கருவியை அணைத்துவிட்டால், அத்துடன் திருப்தியடைந்து திரும்பிவிடுகிறார். தோழர்கள் தம் வேலையை முடித்துக்கொண்டு வெளியேறும் வரை ராடார் வாய் திறவாதிருந்தால் போதும், அழித்தே தீர வேண்டுமென்பதில்லை என்று யுத்த சாஸ்திரமும் சொல்வதால், இந்தக் கருணையினால் அவருடைய கௌரவத்துக்கு யாதொரு பங்கமும் நேரவில்லை.

உண்மையில் அவரை இன்றளவும் தோற்கடித்துக்கொண்டிருப்பது எந்த நாட்டு ஏவுகணையும் அன்று. மலாக்கா நீரிணையிலிருந்து மழை மேகம் ஏறி, ஓர் இடி இடித்ததும், வீட்டின் மின்னிணைப்பு தானே துண்டித்துக்கொள்ளும்; ஹார்ம் இலக்கை நெருங்கிக்கொண்டிருக்கும், திரை கறுத்துவிடும். இருட்டில் அவர் எழுந்து, மின்பெட்டியின் விசையைத் தடவித் தேடித் தூக்கிவிட்டு, ஒரு வார்த்தையும் பேசாமல் எஞ்சினை உயிர்ப்பிக்கும் பத்து நிமிஷச் சடங்கை முதலிலிருந்து தொடங்குவார். இந்தப் பொறுமைக்காகவே நான் அவரை மதிக்கிறேன். அதில் கால்வாசி எனக்கு இருந்திருந்தால் நான் வேறு உத்தியோகத்துக்குப் போயிருப்பேன்.

வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. நீங்கள் லூமுட் பக்கம் வர நேர்ந்து, இத்தகைய விமானி ஒருவர் அன்போடு வீட்டுக்கு அழைத்து, தேநீர் கொடுத்து, “சும்மா பக்கத்துல உக்காந்து ஒரு விமானம் ஓட்டிப் பாருங்க சார்” என்று இரண்டாவது கணினியைக் காட்டினால், தாராளமாக உட்காருங்கள். ஆனால், “நீங்க உசரத்துல முன்னால போங்க, நான் கீழே பின்னால வர்றேன்” என்று அவர் சொன்னால், உடனே கைக்கடிகாரத்தைப் பார்த்து, பங்கோருக்குப் படகு கிளம்ப நேரமாகிவிட்டது என்று சொல்லி எழுந்து வந்துவிடுங்கள். கல்யாண மண்டபத்தில் முன்னால் அனுப்பப்பட்ட மைத்துனர் இன்னமும் அந்த ரசீதைப் பத்திரமாக வைத்திருக்கிறார்.