2024-ன் படங்களும் முடவன் முழுக்கும்: ஒரு வகைப்பாட்டு ஆய்வு

2024-ல் வெளிவந்த தமிழ்ப் படங்களை வசூல் கணக்கால் வரிசைப்படுத்துவதே இதுவரையிலான ஆய்வு மரபு. எத்தனை பேர் பார்த்தார்கள் என்பதை வசூல் சொல்லும். எப்போது பார்த்தார்கள் என்பதைச் சொல்லாது. படம் பார்ப்பவரின் தரமோ பார்த்த நாளைப் பொறுத்தது. இதற்கான இலக்கணம் மயிலாடுதுறையில் நெடுங்காலமாகவே இருக்கிறது.

ஐப்பசி மாதம் துலாக்கட்டத்தில் காவிரியில் நீராடுவது துலா முழுக்கு. மாதக் கடைசி நாளில் நீராடுவது கடைமுழுக்கு. நடக்க இயலாத ஒருவர் வந்து சேருமுன் ஐப்பசி முடிந்துவிட, மாயூரநாதர் இரங்கிக் கார்த்திகை முதல் நாளையும் சேர்த்துக்கொடுத்தார் என்பது தல வரலாறு. அது முடவன் முழுக்கு. புண்ணியத்தில் குறைவில்லை. பார்வையாளர்களும் இம்மூவகையினரே.

முதல் நாள் முதல் காட்சிக்குப் போவோர் துலா முழுக்கினர். செப்டம்பர் 5-ல் ‘கோட்’ வந்தபோது கேரளத்தில் விடியற்காலை 4 மணிக்கே காட்சி தொடங்கியது; தமிழ்நாட்டில் 9 மணிக்குத்தான். விடியுமுன் ஆற்றில் இறங்கலாம், விஜய் படத்துக்குள் நுழைய முடியாது. இடைப்பட்ட ஐந்து மணி நேரம் வாட்ஸ்அப்புக்குத் தாராளம் என்பதால், இவ்வகையினரின் தீர்த்தம் அவ்வாண்டு சற்றுக் கலங்கலாகவே இருந்தது.

படம் தியேட்டரைவிட்டுப் போகும் நேரத்தில் ஓடுவோர் கடைமுழுக்கினர். ஆரவாரமின்றி செப்டம்பர் 20-ல் வந்து வாய்ச்சொல்லாலேயே வளர்ந்த ‘லப்பர் பந்து’ இவர்களுக்கு வேண்டிய அவகாசம் கொடுத்தது. ‘கங்குவா’ வெளியான நவம்பர் 14, கடைமுழுக்குக்கு முந்தின நாள். மறுநாள் ஆற்றில் இருந்த கூட்டம் தியேட்டரில் இருந்ததா என்று ஆராய்வது நாகரிகமன்று.

மூன்றாம் வகை ஓடிடிக்காரர்கள். அவ்வாண்டு மேட்டூர் அணையே ஜூன் 12-க்குப் பதில் ஜூலை 28-ல்தான் திறந்தது. காவிரியே தாமதமாக வரும்போது இவர்களைக் குறைசொல்ல டெல்டாவில் ஆளில்லை. ஜூன் 14-ல் வந்த ‘மகாராஜா’ ஜூலை 12-ல் நெட்ஃபிளிக்ஸுக்கு வந்தது. அதே நாள் தியேட்டரில் ‘இந்தியன் 2’. அன்று வீட்டிலிருந்தோர் பெற்ற புண்ணியமே அதிகம் என்பது இவ்வாய்வின் துணிபு. ஆனால் ‘மகாராஜா’வின் முடிச்சை அவர்கள் சலூனிலேயே கேட்டுவிட்டிருப்பார்கள். கழுத்தில் கத்தி இருக்கையில் கதையை நிறுத்தச் சொல்லத் துணிபவர் இல்லை. படத்தின் நாயகனும் முடிதிருத்துபவரே என்பது கூடுதல் சங்கடம்.

செப்டம்பர் 27-ல் வந்த ‘மெய்யழகன்’ நீளம் என்று குறை கேட்டு, வெளியான பின் சுமார் 18 நிமிடம் வெட்டப்பட்டது. தஞ்சாவூர் வீட்டை இழந்து சென்னைக்குப் போனவர், 22 ஆண்டு கழித்து நீடாமங்கலத்துக் கல்யாணத்துக்கு வருகிறார். “அத்தான், அத்தான்” என்று ஒட்டிக்கொள்பவனின் பெயர் அவருக்கு நினைவில்லை. டெல்டாவில் இது கதையன்று, முகூர்த்த நாள் வழக்கம். “என்னைத் தெரியுதா?” என்பவரிடம் “தெரியாம என்ன!” என்று சொல்லிவிட்டுப் பந்தியில் அவருக்கே பக்கத்து இலையில் உட்கார்ந்து, ரசம் வரும்வரை ஊர்ப்பெயராவது வாயிலிருந்து விழாதா என்று காத்திருப்பதை யாராலும் வெட்டிச் சுருக்க முடியாது. இந்த ஒரு படத்தில் கடைமுழுக்கினரைவிடத் துலா முழுக்கினரே பாக்கியசாலிகள்.

தீபாவளியன்று வந்த ‘அமரன்’ வகைப்பாட்டுக்கு அடங்கவில்லை. மேஜர் முகுந்த் வரதராஜன் 2014-ல் வீரமரணம் அடைந்ததை அறிந்தே எல்லோரும் போனதால், முதல் நாள் பார்த்தவரும் டிசம்பரில் நெட்ஃபிளிக்ஸில் பார்த்தவரும் சமம். ஏப்ரலில் மறுபடி வெளியான ‘கில்லி’க்கு 20 வயது, அதற்கு வந்தவர்கள் முன்பே பலமுறை முழுகியவர்கள். மயிலாடுதுறையில் பிறந்த எம்.கே.தியாகராஜ பாகவதரின் ‘ஹரிதாஸ்’ 1944-ல் வெளியாகி, சென்னையில் மூன்று தீபாவளி கண்டது. அக்காலத்தில் முடவனுக்கும் தியேட்டரிலேயே இடமிருந்தது.

எஞ்சியோர் படித்துறையில் நின்று தலையில் தெளித்துக்கொள்ளும் ரீல்ஸ் வகையினர். அரை நிமிடத் துண்டுகளைக்கொண்டே எல்லாப் படத்தையும் பார்த்ததாகச் சொல்வார்கள். டிசம்பர் 20-ல் வந்த ‘விடுதலை’ இரண்டாம் பாகத்தை நவம்பரிலேயே பார்த்து, “முதல் பாகம் மாதிரி இல்லை” என்றவர்களும் இதில் அடக்கம்.