சரளைச் சாலைச் சஞ்சாரி

மோட்டார் இரைச்சலை விரும்புகிறவர் உலகத்தில் ஒருவரும் இல்லை. ஆயினும் அந்த இரைச்சலிலிருந்து விலகி நிற்பதையே ஒரு விரதமாக மேற்கொண்டு, அவ்விரதத்துக்கென்று தனி வாகனமும் தனி வஸ்திரமும் தனி ஆகாரமும் வகுத்துக்கொண்டு, விடுமுறை தோறும் வனப்பிரவேசம் செய்கிற ஒரு வகை மனிதரைச் சகல லட்சணங்களோடும் தரிசிக்க விரும்புகிறவர்கள், ஜெர்மனியின் தென்மேற்கு மூலையில் பரந்து கிடக்கும் கருங்காட்டு மலைப் பிரதேசத்துக்குத்தான் போகவேண்டும். அதன் வடபாகத்திலே, 1164 மீட்டர் உயரமுள்ள ஹோர்னிஸ்கிரிண்டே சிகரத்தைச் சூழ்ந்து, ஸ்புரூஸ் மரங்களும் ஃபர் மரங்களும் அடர்ந்த சரிவுகளினூடே, பொதுஜனங்களின் கார்களுக்கு அனுமதியில்லாத சரளைக்கல் சாலைகள் பல கிளைகளாகப் பிரிந்து ஓடுகின்றன. அச்சாலைகளிலே சைக்கிளில் சஞ்சரிப்பவர்தான் நம்முடைய கதாநாயகர். அவரைக் கிராவல் மகாசயர் என்று அழைப்போம்.

மகாசயர் நாற்பதைத் தாண்டியவர். ஸ்டுட்கார்ட் நகரத்தை அடுத்த ஏதோ ஒரு மோட்டார்த் தொழிற்சாலையிலே எஞ்சினியராக உத்தியோகம் பார்ப்பவர். வாரத்தில் ஐந்து நாள் மோட்டார் வண்டிகளை உலகத்தில் பெருகச் செய்வதற்கு வேண்டிய உபாயங்களை ஆலோசித்து, அதற்குரிய சம்பளத்தைப் பெற்று, அந்தச் சம்பளத்தில் ஒரு கணிசமான பாகத்தை மோட்டார் வண்டிகளிடமிருந்து தப்பி ஓடுவதற்கு அவர் செலவிடுகிறார். தப்பி ஓடும்போதும், சைக்கிளைக் கூரைமேல் கட்டிக்கொண்டு, காரிலேதான் ஓடுகிறார். அப்பிரதேசத்து விடுதிகளில் இரவு தங்குகிற விருந்தினர்களுக்கு, ரெயிலிலும் பஸ்ஸிலும் இலவசமாகப் போய்வருவதற்குக் கோனுஸ் என்றொரு அட்டை கொடுக்கிறார்கள். அதுவும் அவருடைய சட்டைப் பையிலே பத்திரமாக இருக்கிறது. முர்க் நதியின் பள்ளத்தாக்கிலே வளைந்து வரும் ரெயிலைக் காரின் கண்ணாடி வழியாகக் கண்டு, “எவ்வளவு சௌகரியமான ரெயில்!” என்று மெச்சிக்கொண்டே, அதற்கு இணையாக இருபது மைல் ஓட்டிச் சென்று, வனத்தின் வாசலிலே நிறுத்துமிடம் நிரம்பி வழிவதைப் பார்த்து, ஜனங்கள் ஏன் இப்படிக் காரிலேயே வந்து குவிகிறார்கள் என்று மனம் வெதும்புகிறார்.

அவருடைய வாகனத்தைப் பற்றிச் சொல்லாவிட்டால் அவரைப் பற்றி ஒன்றுமே சொன்னதாகாது. தூரத்தில் பார்த்தால், வளைந்த ஹாண்டில்பாரோடு கூடிய பந்தய சைக்கிளாகவே தோன்றும். கிட்டத்தில் பார்த்தால் அதன் டயர் 40 மில்லிமீட்டருக்கு மேல் பருத்திருக்கும். உள்ளே டியூப் கிடையாது. முள் குத்தினால் துவாரத்தைத் தானே அடைத்துக்கொள்ளும் ரப்பர்ப் பால் மாத்திரம் உண்டு. அமெரிக்காவின் கான்சாஸ் புல்வெளிகளில் கல் பரப்பிய கிராமச் சாலைகளிலே 2006-ல் தொடங்கிய நெடுந்தூரப் பந்தயம் ஒன்று இந்த வகைச் சைக்கிளுக்குக் கீர்த்தி தேடிக் கொடுத்தது. 2022-ல் இத்தாலியிலே இதற்கென்று முதல் உலகச் சாம்பியன் பட்டப் போட்டியே நடந்துவிட்டது. மகாசயர் எந்தப் பந்தயத்திலும் கலந்துகொண்டவர் அல்லர். ஆனால் டயரில் அடைக்கவேண்டிய காற்றின் அழுத்தம் இரண்டு ‘பார்’ அளவா, இரண்டுக்குச் சற்றுக் குறைவா என்ற விஷயத்தில் அவருக்கும் அவருடைய சிநேகிதருக்கும் நடக்கும் வாதம், துவைதத்துக்கும் அத்வைதத்துக்கும் நடந்த வாதத்தைப்போலவே, முடிவு காண்பதை நோக்கமாகக் கொள்ளாதது.

சிவப்பும் வெள்ளையுமாக வர்ணம் பூசிய தடைக்கம்பத்தைத் தாண்டியதும் மகாசயருடைய முகத்தில் ஒரு தேஜஸ் தோன்றுகிறது. “மனிதனுடைய கை படாத ஆதி ஆரண்யம்!” என்று அவர் பெருமூச்சு விடுகிறார். அவர் ஆதி ஆரண்யம் என்று கருதுகிற காட்டையோ, மனிதன் ஒருமுறை ஏறத்தாழ முழுவதும் வெட்டித் தீர்த்திருக்கிறான். கண்ணாடிச் சூளைகளும் கரி மூட்டங்களும் தின்றவை போக, எஞ்சிய நெடுமரங்களைத் தெப்பமாகக் கட்டி, முர்க் நதியிலும் ரைன் நதியிலும் மிதக்கவிட்டு, ஹாலந்து தேசத்துக் கப்பல் கட்டுகிறவர்களுக்கு விற்றுவிட்டார்கள். மொட்டையாய் நின்ற மலைகளிலே சீக்கிரம் வளரக்கூடிய ஸ்புரூஸ் கன்றுகளை வரிசை பிடித்து நட்டவர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டு வன அதிகாரிகள். அவற்றிலும் ஏராளமானவற்றை 1999 டிசம்பர் 26-ல் வீசிய லோதார் என்னும் புயல் வேரோடு சாய்த்துவிட்டது. சாய்ந்த இடத்திலே பிற்பாடு முளைத்த மரங்கள் மகாசயருக்கு வயதில் மிகவும் இளையவை. அவற்றின் முன்னிலையில்தான் அவர் ஆதி காலத்தை எண்ணி மெய்சிலிர்க்கிறார்.

சட்ட விஷயத்தில் அவர் பரம யோக்கியர். பாடன்-வூர்ட்டெம்பெர்க் மாகாணத்தின் வனச் சட்டப்படி, விசேஷ அனுமதி பெற்ற தடங்கள் நீங்கலாக, 2 மீட்டருக்குக் குறைந்த அகலமுள்ள காட்டுப் பாதையில் சைக்கிள் விடலாகாது. ஒற்றையடிப் பாதைகளில் பாய்கிற இளைஞர்களைக் கண்டால் மகாசயருக்கு அந்த ஷரத்து வரிசை எண்ணோடு ஞாபகத்துக்கு வரும். ஆனால் சைக்கிளுக்கு மணி இருக்கவேண்டும் என்று சொல்கிற சட்டம் மட்டும், மணி வைத்தால் ஹாண்டில்பாரின் சௌந்தரியம் கெடும் என்ற காரணத்தினால், அவருடைய ஞாபகத்திலிருந்து நழுவிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை காலையில், ஊன்றுகோல்களோடு நடந்து செல்லும் வயோதிகத் தம்பதிகளின் பின்னால் அவர் சப்தமின்றி வந்து சேர்ந்து, “காலை வணக்கம்!” என்று கூவுகிறார். அவர்கள் திடுக்கிட்டு ஆளுக்கொரு பக்கமாகத் துள்ளி, “மணி வைத்துக்கொள்ளக் கூடாதா, ஐயா?” என்று கேட்கிறார்கள். அடுத்த வாரமே ஒரு சிறு மணி வாங்கிப் பொருத்திக்கொண்டு வந்து அடிக்கிறார். இப்போது அதே பெரியவர், “காட்டுக்குள்ளே என்ன ஐயா மணியோசை?” என்கிறார்.

இந்தச் சச்சரவு சைக்கிளுக்குச் சமவயதுடையது. சைக்கிளின் மூல புருஷரான கார்ல் ஃபொன் டிரைஸ், இதே பாடன் தேசத்து வன அதிகாரி. காட்டு உத்தியோகத்தின் பட்டத்தையும் சம்பளத்தையும் வைத்துக்கொண்டு, காட்டு வேலையிலிருந்து விடுதலை பெற்று, யந்திரங்கள் சிருஷ்டிப்பதில் காலம் கழித்த பாக்கியசாலி அவர். பெடல் இல்லாமல் கால்களால் தரையை உந்திச் செல்லும் இருசக்கர வண்டியை 1817 ஜூன் 12-ல் மன்ஹைம் நகரிலிருந்து அவர் ஓட்டிக் காட்டினார். அந்த ஆண்டு முடிவதற்குள், நடைபாதைகளில் அவ்வண்டியை ஓட்டலாகாதென்று மன்ஹைமில் தடையும் பிறந்துவிட்டது. மகாசயரும், சரிவு செங்குத்தாகிற இடங்களிலே, பெடலை மறந்து, மூல புருஷரைப்போலக் காலால் தரையை உதைத்துப் பார்த்து, பிறகு இறங்கித் தள்ளிக்கொண்டு போகிறார். அச்சமயத்தில் மின்சார சைக்கிளில், முன்கூடையிலே ஒரு நாய்க்குட்டியோடு, எழுபது வயதுப் பாட்டியம்மாள் ஒருத்தி புன்சிரிப்புடன் அவரைக் கடந்து செல்வது வழக்கம். டயரிலே காற்று சரியாக இருக்கிறதா என்று குனிந்து சோதிப்பதும் அவருக்கு வழக்கம்.

சிகரத்துக்குச் சமீபத்தில் உள்ள விடுதியிலே இந்த மனத்தாங்கலுக்குப் பரிகாரம் உண்டு. நம் ஊர் பேக்கரிகளில் பிறந்தநாள்தோறும் வெட்டப்படுகிற பிளாக் ஃபாரஸ்ட் கேக், இங்கே தன் பெயருக்குரிய மண்ணில், செர்ரிப் பழத்திலிருந்து வடித்த கிர்ஷ் மதுவின் வாசனையோடு, ஒரு சாண் உயரத்துக்கு நிற்கிறது. சைக்கிளின் எடையில் இருநூறு கிராம் குறைப்பதற்காக ஒரு மாதச் சேமிப்பைக் கொடுத்த மகாசயர், அந்த இருநூறு கிராமையும் அதற்குமேல் கொஞ்சத்தையும் பத்து நிமிஷத்தில் தம் சரீரத்திலே மீண்டும் ஏற்றிக்கொள்கிறார். கேட்டால், அது கேக் அல்ல, மாவுச்சத்து என்பார்.

நடக்கிறவர்களின் தொந்தரவு தாங்காமல், ஒரு வாரம் அவர் திங்கட்கிழமையும் விடுப்பு எடுத்துக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை மனிதர்களுக்கு உரியது, திங்கட்கிழமை இயற்கைக்கு உரியது என்பது அவருடைய சித்தாந்தம். சித்தாந்தம் சரியே, ஜெர்மனியிலே ஞாயிற்றுக்கிழமைகளில் கனரக லாரிகள் ஓடக்கூடாது என்ற சட்டத்தை மாத்திரம் அதில் சேர்க்க மறந்துவிட்டார். ஏகாந்தத்தை அனுபவித்துக்கொண்டு ஒரு வளைவிலே திரும்பியபோது, எதிரே, சாலையின் அகலம் முழுவதையும் அடைத்துக்கொண்டு, மரம் ஏற்றிய லாரி நின்றது. மகாசயர் ஓரத்துக் கால்வாயில் இறங்கினார். ஓட்டுநர் வலக்கையை நெற்றிக்கு உயர்த்தி மரியாதை செய்துவிட்டு, புழுதியால் அவரை ஆசீர்வதித்துக்கொண்டு போனார்.

கால்வாயிலே நின்றபடி மகாசயர் கொஞ்சம் யோசித்திருந்தால், அது எதற்காக அங்கே வெட்டப்பட்டது என்று விளங்கியிருக்கும். 40 டன் லாரி புதையாமல் போகவேண்டும் என்பதற்காகத்தான் அடியிலே பெருங்கல்லும் மேலே பொடிக்கல்லுமாகப் பரப்பி, நடுவை உயர்த்தி, மழைநீர் வடிவதற்கு ஓரத்தில் கால்வாய் வெட்டி, தமக்கென்றே இயற்கை விரித்து வைத்ததாக அவர் நம்பிவந்த அந்தச் சாலையை வனத்துறையார் போட்டார்கள். மகாசயர் யோசிக்கவில்லை, கோபித்துக்கொண்டார்.

அன்றிரவே வனத்துறைக்கு ஒரு விண்ணப்பம் எழுதினார். அதிலே இரண்டு பிரார்த்தனைகள் இருந்தன. வனத்தின் சாந்தியைக் குலைக்கிற லாரிகளை உடனே அடியோடு நிறுத்தவேண்டும் என்பது முதலாவது. ஹோர்னிஸ்கிரிண்டே சரிவிலே சாலை குண்டும் குழியுமாகிவிட்டபடியால், குளிர்காலத்துக்கு முன்பாகவே நல்ல சரளையாகக் கொண்டுவந்து கொட்டவேண்டும் என்பது இரண்டாவது. கொட்டவேண்டிய சரளையை எதிலே கொண்டுவருவது என்பதை, நிர்வாக விஷயமாகையால், அதிகாரிகளுடைய யுக்திக்கே விட்டுவிட்டார்.